பள்ளம்

மரம் எதனால் ஆனது என்று கேட்டேன்.
மண்ணால் என்றது ஏழாம் வகுப்பு, ஒரே குரலில்.
ஒக்சானா மட்டும் சன்னல் வழியே
எல்ம் மரத்தின் காலடியைப் பார்த்தபடி இருந்தாள்.
"மண்ணைத் தின்று வளர்ந்ததென்றால்
அடியில் பள்ளமல்லவா இருக்கணும், மிஸ்?
எங்கே பள்ளம்?"

மூன்று இரவு நான் தயாரித்த பாடம்
அந்த ஒரு கேள்விக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

காற்றிலிருந்து, என்றேன்.
இலை வாங்குவது கரியமில வாயு,
வைத்துக்கொள்வது கரி,
திருப்பித் தருவது நாம் இழுக்கும் மூச்சு.
"எங்கப்பா விடும் சிகரெட் புகையுமா?" என்றான் டிமிட்ரோ.
அதுவும்தான்.
வகுப்பு சிரித்து முடிக்க நேரமானது.

வின்னிபெக்கில் அக்டோபர்.
இலையெல்லாம் தரையில்.
என் தையல் டேப் நூற்றைம்பதில் தீர்ந்துபோனது;
ரெனலின் அந்த இடத்தில் விரல் வைத்து
மிச்சத்தை அளந்தாள்:
இருநூற்று நாற்பது சென்டிமீட்டர்.
டேப்புக்கு ஒரு சாண் மேலே
ஆரஞ்சு வண்ணத்தில் பெரிய பொட்டு.
மங்கலத்துக்கு வைத்ததல்ல.
வண்டு கொண்டுவந்த பூஞ்சை உள்ளே ஏறிவிட்டது,
வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.
"அப்பாவின் குழு வைத்தது" என்றான் டிமிட்ரோ
யாரையும் பார்க்காமல்.

கணக்குப் போட்டோம்.
ஈரம் போக மூன்று டன் இருநூறு கிலோ.
அதில் பாதி கரி.
கரியோடு பிராணவாயு சேர்ந்து காற்றில் இருந்தபோது
ஏறக்குறைய ஆறு டன்.
கரும்பலகையில் ஆறு டன் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்,
பெருமையாக.

அப்போதுதான் ரெனலின்
என் சாம்பல் நிற காரின் கணக்கைக் கேட்டாள்.
ஓடும் தூரம், குடிக்கும் பெட்ரோல்.
சொன்னேன்.
பென்சில் முனை உடைந்தது, சீவினாள், தொடர்ந்தாள்.
"மிஸ், இந்த மரம் முழுசும்
உங்கள் காருக்கு இரண்டு வருஷம்."
பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:
"குளிர்காலத்தில் பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு
சூடானபிறகுதானே ஏறுவீங்க,
அதைச் சேர்த்தாளா?"
சேர்க்கவில்லை.

ஜனவரியில் வந்தார்கள்.
மைனஸ் முப்பத்தொன்று.
ரம்பத்தின் சத்தத்தில்
பின்னங்கள் பாடம் நடக்கவில்லை.
அடிமரத்தில் ஒரு வட்டை அறுத்து
பட்டையை உரித்து எடுத்துவந்தார் டிமிட்ரோவின் அப்பா.
வண்டு பட்டைக்குள்தான் இருக்குமாம்,
பட்டையோடு கொடுக்கக் கூடாதாம்.
மீதி மரம் தூளாகி மக்கும்,
மக்கினால் கரி திரும்பவும் காற்றுக்கே போகும்:
இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.
முப்பது கண்கள் அவர்மேல்.
"நின்றபடி செத்தாலும் விடத்தான் போகிறது" என்றார்,
"நான் கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவுதான்."
கையுறையைக் கழற்றாமலே
மகனின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

வளையங்கள் எண்பத்திரண்டு.
சிலர் எண்பத்து நான்கு என்றார்கள். சண்டை.
நடுவில் கறுத்து இறுகிய பகுதியைக் காட்டி
எங்கள் மொழியில் இதற்கு வைரம் என்று பெயர் என்றேன்,
மோதிரத்தில் பதிக்கும் கல்லுக்கும் அதே சொல்தான்.
"வைரமும் கரிதானே?" ரெனலின் எழுந்துவிட்டாள்.
"அப்போ உங்கள் ஆட்களுக்கு முன்பே தெரியுமா?"
ஆமாம் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
தெரியாது என்றேன்.
கெட்டியாக இருந்ததைக்
கெட்டி என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரலில் இயந்திரம் வந்து
கட்டையையும் அரைத்துவிட்டுப் போனது.
பனி உருகிய தண்ணீர் அங்கே தேங்கி
ஒரு வாத்து இறங்கிப் பார்த்துவிட்டுப் பறந்தது.
ஒக்சானா என் சட்டைக் கையை இழுத்தாள்.
"மிஸ். பள்ளம்."

அன்று நான் பேருந்தில் வந்திருந்தேன்
என்று முடிக்க ஆசைதான்.
காரில்தான் வந்தேன்.
ஓடவிட்டுச் சூடாக்கவில்லை.
ஏப்ரல் அல்லவா,
தேவைப்படவில்லை.